யன்னலோர முன் வாங்கு

அந்த மண்டபத்தைத் திருத்தியது பவுலினா மிஸ் என்று வளாகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். திறப்பு விழாப் படத்தில் மாலையும் கழுத்துமாக நிற்பதும் நான்தான். அந்தப் படத்தை நான் வீட்டில் மாட்டவில்லை. ஏன் என்று இதுவரை யாருக்கும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

புத்தளத்தில், களப்பு என்னும் கடலேரிக் கரையில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழக வளாகம். பொருளியல் விரிவுரை நடக்கும் மண்டபம் ஒரு காலத்தில் உப்புக் களஞ்சியமாக இருந்தது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் ஆறு மாதத்தில் சுவர் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். களப்புப் பக்கம் ஆறு பெரிய யன்னல்கள். காற்று வந்தால் தாள்கள் பறக்கும், வராவிட்டால் பிள்ளைகள் வேர்வையில் குளிப்பார்கள். மின்விசிறிகளின் சத்தத்தில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் பின் வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்காது. புரொஜெக்டர் மூன்று வாங்கினோம். மூன்றையும் உப்புக் காற்று தின்று ஏப்பம் விட்டது.

போன வருடம் ஒரு உதவித்திட்டத்தில் மண்டபத்தை நவீனமாக்கப் பணம் கிடைத்தது. பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துறைத்தலைவர் உசனார் சேர், "மிஸ், இதுக்கெல்லாம் ரசனை வேணும். நம்மள்ள அது உங்களுக்குத்தான் இரிக்கி" என்றார். எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம். ஒரு மாதம் வெளிநாட்டு வகுப்பறைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்தே தூங்கினேன்.

குளிரூட்டி, தொட்டால் வேலை செய்கிற பெரிய திரை, மைக், கூரையில் எட்டு ஒலிபெருக்கி, விரிவுரையைப் பதிவு செய்ய இரண்டு கமரா. உப்புக் காற்று உள்ளே வராமல் யன்னல்களைக் கண்ணாடி போட்டு அடைத்து, திரை பளிச்சென்று தெரிய அவற்றுக்குக் கறுப்புச் சீலை. கதிரைகள் படிப்படியாக மேலேறிப் போகும். இதுவரைக்கும் எந்தக் குற்றமும் இல்லை. எந்தப் பொறியியலாளரும் இதைத்தான் போட்டிருப்பார்.

என் கைவேலை அதற்குப் பிறகு வந்தது. பழைய மண்டபத்தில் யன்னல் பக்கம் பெண்பிள்ளைகள், சுவர்ப் பக்கம் பெடியன்கள், நடுவில் நடைபாதை. ஆகவே இரு பகுதியினருக்கும் முன் வாங்கும் உண்டு, பின் வாங்கும் உண்டு. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வந்த பழக்கம். பொறியியலாளரின் படத்தில் கீழே ஒரே ஒரு கதவு. பெண்பிள்ளைகள் பெடியன்களுக்கு முன்னால் நடந்து வந்துதானே மேலே ஏறவேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை. நாங்கள் வவுனியாவிலிருந்து சண்டைக் காலத்தில் வந்து இங்கே குடியேறிய கிறிஸ்தவக் குடும்பம். முஸ்லிம் ஊரில் முப்பது வருடமாக நல்ல தண்ணீர் குடிக்கிறேன். அவர்களுடைய ஒழுங்கை அவர்களைவிட ஒரு படி மேலாக மதிக்கிறேன் என்று காட்டவேண்டும் என்ற அவா எனக்கு எப்போதும் உண்டு. படத்தை மாற்றினேன். மேலே நான்கு வரிசை பெண்களுக்கு. அவர்களுக்கென்று வெளியே தனிப் படிக்கட்டும் மேலே தனிக் கதவும். கீழே பெடியன்கள். யாரும் யாருக்கும் முன்னால் நடக்கத் தேவையில்லை.

ஒரு பெண்பிள்ளையிடமாவது கேட்டேனா என்றால், இல்லை.

ஷஸ்னாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முதலாம் வருடம் சேர்ந்த கிழமையே அவளுடைய உம்மா ஜுனைதா என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கனமூலை ஊர்க்காரர். "மிஸ், நீங்களும் ஒரு பொம்பளை எண்டபடியாச் சொல்றன். மவளுக்கு ரெண்டு காதும் வெளங்காது. மெஷின் போட்டிரிக்கி, ஸ்காஃபுக்குள்ள தெரியாது. அதுலயும் சத்தம் மட்டுந்தான் வரும், பேச்சு வெளங்காது. பேசுறவங்கட வாயப் பாத்துத்தான் படிச்சா. ஏ லெவல்ல மூணு ஏ. ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க. நாளைக்கி ஒரு சம்பந்தம் வந்தா, செவிட்டுப் புள்ளைய எடுப்பாங்களா? முன் வாங்குல, யன்னலோரம் மட்டும் இருக்க உடுங்க, போதும்."

நான் அவருடைய கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். களப்புப் பக்கமிருந்து காலை வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நின்றேன். கரும்பலகையைப் பார்த்துக் கதைக்கிற பழக்கத்தை விட்டேன். மற்ற விரிவுரையாளர்களில் பாதிப் பேருக்கு வாயை மூடிய தாடி. அவர்களிடம் போய் தாடியைக் கத்தரியுங்கள் என்றா சொல்ல முடியும்? அந்தப் பாடங்களை அவளுடைய சிநேகிதி ஸுஹைராவின் கொப்பியைப் பார்த்துப் படித்தாள். என் பாடத்தில் மட்டும் அவள்தான் முதலாவது.

அவளுக்குப் படிப்பிப்பதில் ஒரு சந்தோசம் இருந்தது. கேள்வி, அதாவது சந்தையில் ஒரு பொருளுக்கு இருக்கிற தேவை, பற்றிய பாடத்தில் நான் வருடா வருடம் ஒரே பகிடியைச் சொல்கிறவள். "றாலின் விலை ஏறினால் கேள்வி குறையும். மருமகன் விருந்துக்கு வந்த வீட்டில் மட்டும் குறையாது." வகுப்பு சிரித்து முடிந்த பிறகு, ஒரு கண்சிமிட்டு நேரம் தாமதித்து, ஷஸ்னாவின் பார்வை என் வாயிலிருந்து கண்ணுக்கு ஏறும். பிறகு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தனியாகக் கிடைக்கிற ஒன்று.

இனி அந்தக் கூட்டம். துறைக் கூட்டத்தில் என் வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். மேல் வரிசை, தனிக் கதவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உசனார் சேர் கேட்டார்: "நல்லா இரிக்கி. இதால எந்தப் புள்ளைக்காச்சும் இடைஞ்சல் வருமா?"

எனக்கு ஷஸ்னாவின் ஞாபகம் வந்தது. யன்னலோர முன் வாங்கில் அவள் இருக்கிற மாதிரியே வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "என்ன வரப்போகுது? நம்மட ஆக்களுக்கே வராத யோசன பவுலினா மிஸ்ஸுக்கு வந்திரிக்கி!" என்று கையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நான் திறந்த வாயால் சிரித்தேன்.

அவளுடைய இரகசியத்தைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வடிகட்டிய பொய். அவளுடைய பெயரைச் சொல்லாமலே, "பெண்களுக்கும் முன்னுக்கு ரெண்டு வரிசை விடுவோம், விரிவுரையாளர் முகத்துக்கு ஒரு லைட் போடுவோம்" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வசனம். கைதட்டு நின்றுவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

மண்டபம் திறந்த முதல் கிழமை ஷஸ்னா கீழே இறங்கி வந்தாள். நான் மைக் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், நான் முன்னுக்கு இருக்கட்டா?"

"முன்னுக்குப் பெடியன்கள் எல்லோ இருக்கினம். கொஞ்ச நாள் பாருங்கோ ஷஸ்னா, பழகிடும். ஒலிபெருக்கி உங்கட தலைக்கு மேலதான் இருக்கு."

காது கேளாத பிள்ளைக்கு ஒலிபெருக்கியைக் காட்டினேன். அவள் "ஓம் மிஸ்" என்று மேலே ஏறிப் போனாள். அன்றைக்கே கூப்பிட்டுப் பேசியிருக்கவேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்றேன். நாளைக்கு உதவி தந்தவர்கள் மண்டபத்தைப் பார்க்க வந்தார்கள். பிறகு பரீட்சை வினாத்தாள் வேலை. இப்படியே ஒரு மாதம் ஓடியது. மேலே இருட்டு, கீழே நான். பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவர்களுக்குத் தெரியாது. திரை மட்டும் எல்லாருக்கும் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மேலிருந்து இரண்டாவது வரிசையில் இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்த்தபடியே இருப்பதைக் கண்டேன். பத்து நிமிடமாக ஒரே நிலை. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மைக்கில் சொன்னேன்:

"மேல இருக்கிற ரெண்டு பேரும், கதைக்கிறதெண்டால் கன்டீனுக்குப் போங்கோ. வலப்பக்கம் இருக்கிற ஆள், எழும்பி அங்கால கடைசிக் கதிரைக்குப் போங்கோ. இப்பவே."

எட்டு ஒலிபெருக்கியும் சேர்ந்து அதைச் சொன்னன. பெடியன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நிழல் எழும்பி மற்றக் கரைக்குப் போனது. நான் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த இடத்திலிருந்து ஒரு சத்தமும் வந்திருக்கவில்லை. அதையாவது நான் யோசித்திருக்கலாம்.

மூன்று கிழமைக்குப் பிறகு உசனார் சேர், உதவி தந்தவர்களுக்கு அனுப்ப இரண்டு நிமிடப் படத்துண்டு ஒன்று கேட்டார். நான் அழகாகத் தெரிகிற இடமாகப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தேன். மாணவர்களைப் பார்க்கிற கமரா இருட்டிலும் முகங்களைத் துலக்கமாகப் பிடித்திருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையின் பதிவு கையில் அகப்பட்டது.

மேலிருந்து இரண்டாவது வரிசை. வலப்பக்கம் ஸுஹைரா, இடப்பக்கம் ஷஸ்னா. நான் ஒரு வசனம் சொல்கிறேன். ஸுஹைராவின் உதடு அசைகிறது. சத்தமில்லை, உதடு மட்டும், ஒவ்வொரு சொல்லாக. ஷஸ்னா அந்த வாயைப் பார்க்கிறாள், குனிந்து எழுதுகிறாள், மறுபடி பார்க்கிறாள். ஸுஹைரா தன்னுடைய கொப்பியில் ஒரு வரி எழுதவில்லை. நான் றால் பகிடியைச் சொல்கிறேன். ஸுஹைராவின் வாய் அதையும் சொல்கிறது. ஷஸ்னா சிரிக்கிறாள். பிறகு என் குரல், கன்டீனுக்குப் போங்கோ. ஸுஹைரா ஏதோ சொல்ல எழும்புகிறாள். ஷஸ்னா அவளுடைய கையைப் பிடித்துத் தலையை ஆட்டுகிறாள், வேண்டாம் என்று. ஸுஹைரா போகிறாள். ஷஸ்னா அந்தக் கரையை எட்டிப் பார்க்கிறாள், கீழே என்னைப் பார்க்கிறாள், திரையைப் பார்க்கிறாள். பிறகு கொப்பியை மூடுகிறாள். மிச்சம் நாற்பது நிமிடம் மூடிய கொப்பியின் மேல் கையை வைத்துக்கொண்டு இருக்கிறாள். நாற்பது நிமிடத்தையும் நான் பார்த்தேன். வேகமாக ஓட்டித் தள்ள மனம் வரவில்லை.

வரவுப் பதிவை எடுத்துப் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அவள் எந்த விரிவுரைக்கும் வந்திருக்கவில்லை. எண்பது வீதம் வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. இனி ஒரு நாள் தவறினாலும் அவளுடைய மூன்று வருடமும் போச்சு.

ஸுஹைராவைக் கூப்பிட்டேன். அவள் என் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "கலியாண வீட்டுலதான் பொம்பளப் பக்கம் வேற, ஆம்பளப் பக்கம் வேற மிஸ். படிக்கிற இடத்துல எங்களுக்கு முன்னுக்கும் ஒரு வாங்கு இருந்திச்சே. அத ஏன் எடுத்தீங்க? நாங்க கேட்டமா?"

"அண்டைக்கு ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்ல?"

"மைக்குல ஏசினா, நாங்களும் மைக்குல சொல்லணுமா, இவளுக்குக் காது கேக்காது எண்டு?"

அவளிடம் ஷஸ்னாவின் வீட்டுக்கு வழி கேட்டு எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதுரங்குளி பஸ் ஏறி, சந்தியில் ஓட்டோ பிடித்துக் கனமூலைக்குப் போனேன். ஜுனைதா வாசலுக்கே ஓடி வந்தார். யன்னலோரம் இருந்த நல்ல கதிரையில் என்னை இருத்தினார். எதிரே ஷஸ்னா வந்து உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள்.

"மிஸ்ஸுக்கு நான் எப்படி நன்றி சொல்ற?" என்றார் ஜுனைதா. "அண்டைக்கித் தந்த வாக்க இண்டைக்கி வரைக்கும் காப்பாத்தினீங்க. கெம்பஸ்ல ஒரு குருவிக்குத் தெரியாது. கற்பிட்டியில இருந்து சம்பந்தம் ஒண்டு வந்திரிக்கி, வாற வெள்ளிக்கிழம பாக்க வாறாங்க. படிச்சது போதும் எண்டு மவளே சொல்லிட்டா. உங்கட நல்ல மனசுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்வான்."

அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு இருப்பதைவிட அவர் என்னை விளக்குமாற்றால் அடித்திருக்கலாம். கூட்டத்தில் வாய் திறக்கப் பயந்தவளுக்கு, இரகசியம் காத்தவள் என்று நன்றி.

அவர் பிளேன்டீ ஊற்ற உள்ளே போனார். இதுதான் நேரம் என்று நினைத்தேன். அவருக்குக் கேட்டால் என் மானம் போகும். ஷஸ்னாவுக்குச் சத்தம் தேவையில்லையே. உதட்டை மட்டும் அசைத்து, சத்தமில்லாமல் சொன்னேன்: "ஷஸ்னா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அந்த நேரத்திலும் என் கெட்டித்தனத்தைப் பாருங்கள்.

ஷஸ்னா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுடைய குரல் கொஞ்சம் உரத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல்தான் வரும். வீடு முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"மிஸ், யன்னலுக்கு முதுகக் காட்டிட்டு இரிக்கிறீங்க. மொகம் இருட்டு. வெளிச்சத்துக்குத் திரும்பிச் சொல்லுங்க."

எழும்பினேன். கதிரையை இழுத்து யன்னலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன். வெளிச்சத்தில் கண் கூசியது. ஜுனைதா கையில் கோப்பைகளோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். இப்போது சத்தமாகச் சொன்னேன். மேல் வரிசை என் யோசனைதான் என்று சொன்னேன். முன்னுக்கு இருக்கட்டா என்று அவள் கேட்டபோது தட்டிக் கழித்ததையும், அந்தச் செவ்வாய்க்கிழமையையும், பதிவைப் பார்த்ததையும் சொன்னேன். "பிழை என்னில. திங்கள் தொடக்கம் ஒரு நாளும் விடாமல் வந்தால் பரீட்சை எழுதலாம். எல்லா லைட்டும் போட்டிருக்கும். முன் கதிரை உங்களுக்கு" என்றேன்.

"முன்னுக்குப் போய் இருந்தா ஏன் எண்டு கேப்பாங்களே மிஸ்" என்றார் ஜுனைதா. கோப்பைகளைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழம வாறாங்களே."

ஷஸ்னா உம்மாவைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டு கேக்கட்டா மிஸ்? அந்தப் ப்ளானப் போடக்குள்ள, என்ட ஞாபகம் உங்களுக்கு வந்திச்சா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். எத்தனை பிள்ளைகள், எத்தனை வேலைகள், மனிசருக்கு மறதி வராதா? சொன்னால் அவளும் நம்புவாள். ஆனால் இரண்டு வருடமாக என் வாயைப் பார்த்துப் படித்த பிள்ளை அவள். அந்த வாயால் அவளுக்குப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"ஓம்" என்றேன். "கூட்டத்தில ஞாபகம் வந்தது. எல்லாரும் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தவை. அதால சொல்லேல்ல."

அவள் என் வாயிலிருந்து பார்வையை எடுத்தாள்.

"மறந்துட்டீங்க எண்டுதான் இவ்வளவு நாளும் நெனச்சிட்டிருந்தன்" என்றாள்.

அழவில்லை, கோபப்படவும் இல்லை. எழும்பி உள்ளே போனாள். பிளேன்டீ ஆறிப்போய்க் கிடந்தது. ஜுனைதா குடிக்கச் சொல்லவில்லை. நானும் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் மண்டபத்துக்குப் போனேன். யன்னல்களின் கறுப்புச் சீலைகளை இழுத்துத் திறந்து விட்டேன். எல்லா விளக்குகளையும் போட்டேன். மைக்கைக் கழற்றி மேசைக்குள் வைத்தேன். எட்டு மணிக்குப் பெடியன்கள் வந்ததும், களப்புப் பக்க முன் வரிசையில் இருந்தவர்களை எழும்பச் சொல்லி அங்கால் அனுப்பினேன். "மிஸ், திரையில ஒண்டும் தெரியுதில்ல" என்று ஒருவன் முணுமுணுத்தான். "தெரியாட்டி நான் வாசிச்சுச் சொல்லுறன்" என்றேன். உசனார் சேர் கதவால் எட்டிப் பார்த்தார், என்ன மிஸ் என்று புருவத்தை உயர்த்தினார். பிறகு வந்து எல்லாம் சொல்கிறேன் என்றேன். அன்று மத்தியானம் சொன்னேன். அவர் கை தட்டவில்லை.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, பெண்பிள்ளைகளின் மேல் வரிசைக் கதவு திறந்தது. ஸுஹைரா முன்னால், ஷஸ்னா பின்னால். பெண்பிள்ளைகளின் நான்கு வரிசையையும் தாண்டி, பெடியன்களின் வரிசைகளையும் தாண்டி, படிப்படியாகக் கீழே இறங்கி வந்தார்கள். முன் வரிசை யன்னலோரக் கதிரையில் கொப்பியை வைத்துவிட்டு, ஷஸ்னா பின்னால் திரும்பினாள்.

"எனக்குக் காது கேக்காது" என்றாள், அந்த உரத்த குரலில். "வாயப் பாத்துத்தான் நான் படிக்கிற. எடையில ஒருத்தரும் நிக்காதீங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்தாள். கற்பிட்டிச் சம்பந்தம் என்னவானது என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு முகமில்லை.

நான் வெளிச்சத்தைப் பார்த்து நின்று பாடத்தைத் தொடங்கினேன். ஒரு வசனத்தையும் அவள் தவறவிடவில்லை. பாதியில், எப்படியாவது அவள் சிரிக்கமாட்டாளா என்று நினைத்து, அந்தப் பழைய பகிடியையும் சொன்னேன். றாலின் விலை ஏறினால் கேள்வி குறையும், மருமகன் விருந்துக்கு வந்த வீட்டில் மட்டும் குறையாது. வகுப்பு சிரித்தது. நான் காத்திருந்தேன். ஷஸ்னா என் வாயை முடிவுவரைக்கும் பார்த்தாள். பிறகு கண்ணை உயர்த்தாமல் குனிந்து, நான் சொன்னதைக் கொப்பியில் எழுதினாள்.